பதினோரு மணிப் பார்ட்டி

பத்தேகால். பதினோரு மணிக்குப் பார்ட்டி வருகிறது, வீட்டில் இருங்கள் என்று புரோக்கர் துளசிராமன் நேற்றே போனில் சொல்லிவிட்டார். புரோக்கர் சொல்லும் பதினோரு மணி பத்தரையாகவும் இருக்கலாம், பன்னிரண்டாகவும் இருக்கலாம், அதனால் எண்ணெயை இப்போதே காயவைப்பது நல்லது, ஆனால் இப்போதே எல்லாவற்றையும் வறுத்துவிட்டால் அவர்கள் வருவதற்குள் வாசனை அடங்கிவிடும், ஆறிப்போன கருவாட்டுக்கு மூக்கைத் துளைக்கிற சக்தி கிடையாது, இரண்டு தவணையாக வறுக்க வேண்டியதுதான், பாதி இப்போது, மீதி வண்டிச் சத்தம் கேட்டதும். காரப்பொடிக் கருவாடு. நேற்று மார்க்கெட்டில் அந்த அம்மா, "நெத்திலி எடுத்துக்கம்மா, அவ்வளவா வாடை அடிக்காது" என்றாள். வாடை அடிக்கிறதாகக் கொடு என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு எடைபோட்டாள். சமையலறை ஜன்னலைச் சாத்தியாயிற்று, எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தியாயிற்று, ஹால் ஃபேனை மட்டும் ஐந்தில் ஓடவிட்டிருக்கிறேன், வாசனை நேராக வாசல் கதவுக்குப் போய் வருகிறவர்களை வாங்க என்று கூப்பிட வேண்டும். நாற்பத்தொன்பது வயதுப் பொம்பளை ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்கிற வேலையா இது? இதுதான் வேலை. பதினோரு வருஷம் இருந்த வீட்டைவிட்டு என்னைக் கிளப்பப் பார்க்கிறார்கள், கோர்ட்டுக்குப் போக எனக்குத் தெரியாது, சண்டை போடவும் வராது, கருவாடு வறுக்க வரும். அடுப்பைச் சின்னதாக வைத்துக்கொள்கிறேன். கீழே ஏதோ வண்டி நிற்கிறது. இல்லை, தண்ணி கேன் போடுகிற வண்டி.

இருபத்து நாலு. இந்த எண் ஒரு மாதமாக என் மண்டைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு எழுந்திருப்பேனா என்கிறது. பல் தேய்க்கும்போது இருபத்து நாலு, பால் பொங்கும்போது இருபத்து நாலு, பாத்ரூம் பக்கெட் நிரம்புகிற சத்தத்தில்கூட அதுதான் கேட்கிறது. இப்போது கொடுக்கிறது பதினைந்தாயிரம். வீட்டு ஓனர் ஜெகநாதன் கோயம்புத்தூரில் இருக்கிறார், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து குழாயைத் திருகிப் பார்த்துவிட்டுப் போகிறவர், நல்ல மனுஷர்தான், அதுதான் கஷ்டமே, கெட்டவராக இருந்தால் திட்டவாவது செய்யலாம். "மெட்ரோ வருதுங்கம்மா. பக்கத்து பில்டிங்ல இருபத்தஞ்சு போகுதுங்க. உங்களுக்குங்கறதால இருபத்து நாலுன்னு சொல்றேனுங்க." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'ங்க'. அந்த 'ங்க'வை வைத்துக்கொண்டு யாரிடம் சண்டை போடுவது? மெட்ரோ இன்னும் வரவே இல்லை, ஆற்காடு ரோட்டில் மூன்று வருஷமாகத் தகரத் தடுப்பும் தூசியும்தான் வந்திருக்கிறது, அந்தத் தூசியைத் துடைக்கிறவள் நான், துடைத்ததற்கு மாதம் ஒன்பதாயிரம் கூட. அட்வான்ஸ் பத்து மாதம், இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், நாங்கள் எப்போதோ கொடுத்த எழுபதாயிரத்தைக் கழித்துக்கொண்டு மீதி. பிறகு வியாழக்கிழமை அவரே போன் செய்தார். நாலு வாரமாகப் பார்ட்டி எதுவும் அமையவில்லையாம். "இந்த மாசத்துக்குள்ள ஆரும் வரலீன்னா பதினெட்டுக்கு நீங்களே இருந்துக்குங்கம்மா, வீட்டைப் பூட்டிவெச்சு நான் என்ன பண்றதுங்க." பதினெட்டு முடியும். மூச்சுத் திணறும், ஆனால் முடியும். இன்றைக்குத் தேதி இருபத்தெட்டு. இந்த மாதத்துக் கடைசி ஞாயிறு. இந்தப் பதினோரு மணிப் பார்ட்டி ஒன்று மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போய்விட்டால் வீடு எனக்கு. ஒரே ஒரு பார்ட்டி. கருவாட்டைத் திருப்பிப் போடுகிறேன், எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் சுடுகிறது, சுடட்டும்.

இவர் இருந்தால் சிரிப்பார். என் வீட்டுக்காரர் கிருபாகரன் யூனிட் வண்டி ஓட்டுகிறார், ஷூட்டிங் சாமான்களை ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போய் இருபது நாளாகிறது, போனில் கேட்டால், "போறதுன்னா போவோம் வசு, மாங்காட்டுல எட்டாயிரத்துக்கு மாளிகை மாதிரி வீடு கெடைக்குது" என்கிறார். அவருக்கென்ன, அவர் குடியிருப்பது வண்டியில். மாங்காட்டில் மாளிகையே இருக்கட்டும், அங்கே போனால் என் பிழைப்பு அதோடு சரி. எங்கள் தொழிலில் வீடு எங்கே இருக்கிறது என்பதுதான் பாதித் திறமை. சினிமாவில் கல்யாண வீட்டில் கசகசவென்று பேசுகிற கூட்டம், சாவு வீட்டில் மாரடிக்கிற பெண்கள், குழாயடியில் கத்துகிறவர்கள், அவர்களுக்கெல்லாம் முகம் வேறு யாருடையதோ, குரல் எங்களுடையது, குரூப் டப்பிங் என்று பெயர். இருபத்தாறு வருஷமாக யார் யாரோ பேசுகிற வசனத்துக்குப் பின்னால் நின்று "அடப்பாவமே", "ஆமாமா", "அதானே", "வரும் வரும்" என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் யார் எதைச் சொன்னாலும் மனசு யோசிப்பதற்கு முன்னால் வாய் ஆமாமா என்றுவிடுகிறது, என் மகள் ஓசூருக்குக் கல்யாணமாகிப் போகிற வரைக்கும் அதைச் சொல்லித்தான் கேலி செய்வாள். ஒரு தடவை சேலை விற்க வந்தவன் பேசப் பேச ஆமாமா போட்டு மூன்று சேலை வாங்கிவிட்டேன். கோஆர்டினேட்டர் பரமசிவம் போன் செய்தால் நலமா என்றெல்லாம் கேட்க மாட்டான். "எங்க இருக்க?" அவ்வளவுதான். ஏழு பொம்பளைகள் வேண்டும், சாவு சீன், அரை மணியில் டப்பிங் தியேட்டருக்கு வா என்பான். நடந்தால் எட்டு நிமிஷம். மாங்காட்டிலிருந்து அரை மணியில் வர ஹெலிகாப்டர்தான் பிடிக்க வேண்டும். எங்கள் குரூப்பில் காஞ்சனா நல்ல குரல், என்னைவிட நன்றாக அழுவாள், வாடகை கட்ட முடியாமல் குன்றத்தூர் போனாள், இரண்டு தடவை லேட்டாக வந்தாள், மூன்றாம் தடவை அவளை யாரும் கூப்பிடவில்லை. யாரும் அவளைத் துரத்தவில்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றையும் நினைக்கிறேன், வேண்டாம் என்றாலும் வருகிறது. போன மாதம் ரெக்கார்டிங் தம்பி எதையோ தட்டினான், இருநூறு பேர் ஐயோ ஐயோ என்று அலறினார்கள். "இது யாருப்பா?" என்றேன். "யாருமில்லக்கா, கம்ப்யூட்டரு" என்றான். நாங்கள் ஏழு பேரும் சிரித்தோம். வெளியே வந்து டீ குடித்ததும், அன்றைக்கு அவரவர் டீக்கு அவரவரே காசு கொடுத்தோம்.

முதல் தட்டு ஆயிற்று. பத்தே முக்கால். முதல் ஞாயிற்றுக்கிழமை நான் சத்தியமாக எதையும் திட்டம் போடவில்லை, ஆசையாக இருந்தது, வறுத்தேன், ஐ.டி.யில் வேலை பார்க்கிற புருஷன் பெண்டாட்டி அளவு டேப்போடு வந்தார்கள், அந்தப் பெண் ஹாலில் கால் வைத்ததும் மூக்கு ஒரு தரம் சுருங்கியது, அப்புறம் எதையும் அளக்கவில்லை, நாலு நிமிஷத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அட, இது நன்றாக இருக்கிறதே என்று அப்போதுதான் தோன்றியது. இரண்டாம் வாரம் ஒருவர் வாஸ்து பார்க்கத் திசைகாட்டியோடு வந்தார், மாடிப்படித் திருப்பத்திலேயே நின்று துளசிராமனிடம் ஏதோ ரகசியமாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார், திசை பார்க்க அவசியமே இல்லாமல் போயிற்று. மூன்றாம் வாரம் நாலு பையன்கள், "ஆன்ட்டி, செம வாசனை" என்று தட்டை நோட்டம் விட்டார்கள், நல்லவேளை கல்யாணம் ஆகாதவர்களுக்கு ஜெகநாதன் தர மாட்டார். நாலாம் வாரத்து ஆட்கள் ஒன்பது மணிக்கே வந்து நின்றார்கள், அடுப்பே பற்றவைக்கவில்லை, அவர்களிடம் போர் தண்ணி கடல் தண்ணி மாதிரி கரிக்கும், முடி கொட்டும் என்றேன். அந்தம்மா தன் முடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இந்த வீட்டுத் தண்ணியில் பருப்பு பத்து நிமிஷத்தில் வேகும். நான் சொன்னது பொய்தான். பாவம்தான். துளசிராமனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, அந்த மனுஷர் முட்டாள் இல்லை, ஒரு மாத வாடகை கமிஷன், நாலு வாரமாக பெட்ரோல் போட்டு அலைகிறார். "என்னம்மா, வாராவாரம் கருவாடா?" என்றார். "டாக்டர் சாப்பிடச் சொல்லியிருக்கார்" என்றேன்.

இன்றைக்கு வருகிறவர்கள் யார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்டால் ஆளாகிவிடுவார்கள், பார்ட்டி என்றே இருக்கட்டும், பார்ட்டிக்கு முகம் கிடையாது. நாங்கள் இந்த வீட்டைப் பார்க்க வந்தபோது நாங்களும் பார்ட்டிதான். அப்போது இங்கே இருந்த அம்மாவின் பெயர் ஞாபகமில்லை, மஞ்சள் நைட்டி போட்டுக்கொண்டு ஹாலில் காயப்போட்ட துணியை ஒதுக்கி ஒதுக்கி வழிகாட்டினாள். பெட்ரூம் அலமாரியை நான் திறந்தேன், அவளைக் கேட்காமலே திறந்தேன், உள்ளே அவளுடைய புடவைகள், ஒரு சாமி படம், ஒரு எக்ஸ்ரே கவர். இடம் நிறைய இருக்கு என்று இவரிடம் சொன்னேன். அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நீங்கள் ஏன் காலி செய்கிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, என் கண்ணுக்கு அலமாரிதான் தெரிந்தது. பதினோரு வருஷத்தில் அவளை நான் நினைத்ததே இல்லை, இந்த ஒரு மாதமாகத்தான் கதவு திறக்கிறபோதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். அவள் எந்த மாங்காட்டுக்குப் போனாளோ? சரி, இதெல்லாம் இப்போது எதற்கு, இளகிப்போகிற நேரமா இது? அதோ டி.வி.எஸ். வண்டி, துளசிராமனின் வண்டிதான், சைலன்சர் போன சத்தம். மீதிக் கருவாடு முழுவதையும் எண்ணெயில் போடுகிறேன், சடசடவென்று பொரிந்து புகை கிளம்புகிறது, எனக்கே இருமல் வருகிறது. படியில் காலடி. ஒன்று அவருடையது, இன்னொன்று மெதுவாக, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று. யாரோ வயசானவர்களா? வயசானவர்களுக்குக் கருவாடு பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது, அதுதான் பயம். பெல்.

வயசானவள் இல்லை. இருபத்தேழு இருபத்தெட்டு இருக்கும், சுடிதார், தோளில் பெரிய பை, ஐந்து மாத வயிறு. தனியாக வந்திருக்கிறாள். "இவங்க இளவரசி, வடபழனியில ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்காங்க, வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் ஓட்டுறார், இன்னைக்கு டூட்டி" என்று துளசிராமன் கைக்குட்டையால் மூக்கைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டே சொல்கிறார். பிள்ளைத்தாய்ச்சி. வாந்தி எடுத்துவிடுவாள், இந்த வாடைக்கு நிச்சயம் எடுத்துவிடுவாள், ஐயோ, அது வேண்டாமே, வேண்டாம் என்று போகட்டும், கஷ்டப்பட்டுப் போக வேண்டாம், ஜன்னலைத் திறக்கலாமா என்று சமையலறைப் பக்கம் திரும்புகிறேன். அவள் வாசல்படியிலேயே நிற்கிறாள். கண்ணை மூடுகிறாள். நெஞ்சு நிறைய ஒரு மூச்சு. "காரப்பொடியாக்கா?" என்கிறாள். அந்தக் குரலை நான் எங்கே வைப்பது? இருபத்தாறு வருஷத்தில் எத்தனை குரல் கேட்டிருக்கிறேன், இது ஊருக்குள் பஸ் நுழையும்போது ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவள் குரல். "எங்க ஊரு தரங்கம்பாடிக்கா. வாடையிலயே சொல்லிடுவேன்." செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். இதுவரை வீட்டைக் காப்பாற்றிய கருவாடு இவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறது.

பேசுகிறாள். வீட்டைப் பார்க்கிறாளோ இல்லையோ, பேசுகிறாள். "பதிமூணு வீடு பாத்தோம்கா. எத்தனை பேரு, எவ்வளவு சம்பளம், அதெல்லாம் அப்புறம். மொதக் கேள்வியே நான்வெஜ் சமைப்பீங்களாங்கறதுதான்." அடப்பாவமே, என்கிறது என் வாய். "இப்ப இருக்கிற வீடு மாடி போர்ஷன். கீழ ஓனரம்மா, ரிடையர்டு டீச்சர். முட்டைகூட சமைக்கக் கூடாது. நான் காலையில முட்டை அவிச்சுட்டு, அந்த ஓட்டை ஒரு பேப்பர்ல சுருட்டி பையில வெச்சு, ஆஸ்பத்திரி குப்பைத்தொட்டியிலதான் போடுவேன்." த்சொ த்சொ. "மாசமானதுல இருந்து வாய் வேற கேட்குது. போன வாரம் ரெண்டே ரெண்டு கருவாடு, ராத்திரி ஜன்னலெல்லாம் மூடிட்டுச் சுட்டேன். காலையில கதவத் தட்டி, மாசக் கடைசில காலி பண்ணிடும்மான்னுட்டாங்க." அதானே பாத்தேன். "கெட்டவங்க இல்லக்கா, அவங்களுக்கு ஒத்துக்கல. நமக்கு எங்க போறதுன்னு தெரியல." ஆமாமா. "இங்க தண்ணி எப்படிக்கா?" வரும் வரும், நல்ல தண்ணி. "அக்கம்பக்கம்?" தங்கமானவங்க. "ஓனரு?" கோயம்புத்தூர்ல இருக்கார், நல்ல மனுஷன். யார் சொன்னது இதையெல்லாம்? நான்தான். என் வாய்தான். துளசிராமன் கைக்குட்டையை இறக்கிவிட்டு என்னை வாய் பிளந்து பார்க்கிறார். கடல் தண்ணி மாதிரி கரிக்கும் என்று சொல்லியிருக்க வேண்டிய இடம், ராத்திரி முழுக்கப் படுத்துக்கொண்டு பொய்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன், மூட்டைப்பூச்சி, மேல் வீட்டில் சண்டை, லோ வோல்டேஜ், ஒன்றும் வெளியே வரவில்லை, அவள் வசனத்தை நிறுத்துகிற இடத்திலெல்லாம் என் குரல் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது மாற்றலாமா? இல்லம்மா, விளையாட்டுக்குச் சொன்னேன், தண்ணியே வராது என்றா?

வாடகையைச் சொல்கிறார் துளசிராமன். இருபத்து நாலு என்றதும் அவள் முகத்தில் ஏதோ ஓடி அடங்குகிறது. நான் அதைப் பிடித்துக்கொள்கிறேன், முடியாது என்று சொல்லப்போகிறாள், சொல்லு தாயே, சொல்லு. "கஷ்டம்தான். எங்க வீட்டுக்காரர் தம்பியும் எங்ககூடத்தான் இருக்கப்போறாரு, மூணு சம்பளம், எப்படியாச்சும் பொரட்டிடுவோம். பிரசவத்துக்கு அம்மா வரணும்ல." வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு ஹாலைச் சுற்றிப் பார்க்கிறாள், தொட்டில் எங்கே கட்டுவது என்று பார்க்கிறாள், எனக்குத் தெரியும், மின்விசிறிக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி இருக்கிறது, காட்டவில்லை. துளசிராமன் கோயம்புத்தூருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கிறார். "குடும்பமுங்களா? சரிங்க, சரிங்க. அப்ப டோக்கன் போட்டுடச் சொல்லுங்க." பத்தாயிரம். அவள் போனில் விரலை ஓட்டுகிறாள், டிங் என்கிறது, வந்துவிட்டதுங்க என்கிறார் கோயம்புத்தூரில் ஜெகநாதன். அவ்வளவுதான். பதினோரு வருஷம் ஒரு டிங்கில் முடிந்துவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை, வர வேண்டும், யார் மேல் வர? அவளுக்கு வியர்த்துக்கொட்டுகிறது, உட்காரும்மா என்று நாற்காலியை இழுத்துப் போடுகிறேன், அவள் கண் சமையலறைப் பக்கமே போகிறது, கேட்க வெட்கப்படுகிறாள். பிள்ளைத்தாய்ச்சியின் வாயைப் பார்த்துக்கொண்டு யார் சும்மா இருக்க முடியும்? சாதம் வடித்து வைத்திருந்தேன். தட்டில் போட்டு, மேலே நாலு கருவாடு வைத்து, இன்னொரு தட்டு நிறைய மீதியையும் கொண்டுவந்து மேஜையில் வைக்கிறேன். வேண்டாம்கா என்று சொல்லிக்கொண்டே கை கழுவப் போகிறாள். துளசிராமன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஜன்னலையாவது திறங்கம்மா என்கிறார்.

நாலு வாய் சாப்பிட்ட பிறகுதான் நிமிர்கிறாள். "ஆமா, நீங்க எங்கக்கா போறீங்க? சொந்த வீடு வாங்கிட்டீங்களா?" நாலு வாரமாக யாரும் கேட்காத கேள்வி. அலமாரியைத் திறந்தார்கள், குழாயைத் திறந்தார்கள், இதைக் கேட்கவில்லை. அந்த மஞ்சள் நைட்டி அம்மாவிடம் நானும் கேட்டதில்லை. இதற்கு ஆமாமா போட முடியவில்லை. "இல்லம்மா. வாடகை ஏத்திட்டாரு, எங்களால முடியல. எங்க போறதுன்னு இன்னும் பாக்கல." அவள் கை தட்டிலேயே நின்றுவிடுகிறது. மெல்லுவதை நிறுத்திவிட்டாள், விழுங்கவும் இல்லை. என்னைப் பார்க்கிறாள், சுவரைப் பார்க்கிறாள், மறுபடி என்னைப் பார்க்கிறாள். "எங்களாலதானாக்கா?" "உன்னால இல்லம்மா. சாப்பிடு." உன்னால இல்லை என்பது உண்மைதானா, பாதி உண்மை, அவள் வராவிட்டால் பதினெட்டுக்கு நான் இருந்திருப்பேன், அதை இவளிடம் சொல்லக் கூடாது, சொன்னால் அந்தச் சோறு அவளுக்கு இறங்காது. "இந்த ஏரியாவுலயே இருந்தாகணும் எனக்கு, தொழில் இங்கதான்" என்று மட்டும் சொல்கிறேன். என் குரல் உடைகிறது. உடைய வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற குரல்தான் எனக்கு, இன்றைக்குக் கேட்கவில்லை. துளசிராமனுக்கு அப்போதுதான் ஏதோ தட்டுப்படுகிறது, எழுந்தே விடுகிறார். "அட, என்னம்மா நீங்க, இவங்க காலி பண்ற வீடு இருக்கே! ரெண்டு தெரு தள்ளி, பன்னெண்டாயிரம், நீங்க ரெண்டு பேருதானே, ஒரு பெட்ரூம் போதாதா? அட்வான்ஸ்கூட ஜெகநாதன் திருப்பித் தர்ற எழுபதாயிரத்துலயே முடிஞ்சிடும். விசாலம் டீச்சர் எனக்குத் தெரிஞ்சவங்கதான்." பேசிக்கொண்டே நம்பரைத் தேடுகிறார், ஒரே நாளில் இரண்டு கமிஷன், கண் மின்னுகிறது. இரண்டு தெரு தள்ளி. அங்கிருந்து தியேட்டருக்குப் பத்து நிமிஷம், வேகமாக நடந்தால் ஒன்பது. எனக்கு மூச்சு திரும்புகிறது. மணி அடிக்கிறது, அவர் பேசுகிறார், நல்ல குடும்பம், அமைதியானவங்க, நீங்களே பேசுங்க டீச்சர் என்று போனை என் கையில் திணிக்கிறார். எண்ணெய்க் கையால் வாங்கிக்கொள்கிறேன்.

"வணக்கம்மா." தெளிவான குரல், ஒவ்வொரு எழுத்தையும் உச்சரித்துச் சொல்லிக்கொடுத்தே பழகிய குரல், பொல்லாத குரல் இல்லை. "ரெண்டு பேர்தானே? தண்ணிய அளவாப் புழங்கணும், வாடகை அஞ்சாம் தேதிக்குள்ள வந்துடணும். இப்ப இருக்கிற பொண்ணு தங்கமான பொண்ணு, அந்த ஒண்ணுதான் எனக்கு ஒத்துக்கல. முன்னாடியே கேட்டுடறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க சைவம்தானே?" எதிரே இளவரசி. கருவாடு பிய்த்த விரலோடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் பெண்ணைப் பதிமூன்று வீட்டில் கேட்ட கேள்வி. கிருபாகரன் இருபது நாள் வெளியூர்ச் சாப்பாடு சாப்பிட்டு வந்து இறங்கியதும் கேட்கிறது மீன் குழம்புதான், அந்த மனுஷனிடம் என்ன சொல்வேன், வெளியே சாப்பிட்டுக்கொள் என்பேன், நானும் பழகிக்கொள்வேன், எத்தனையோ பேர் பழகிக்கொள்ளவில்லையா, ஆனால் இது சாப்பாட்டு விஷயம் மட்டும்தானா, இவளைப் பார்த்துக்கொண்டே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே, உன்னை வெளியே தள்ளிய கதவுக்குள் நான் கையைக் கட்டிக்கொண்டு நுழைகிறேன் என்று இவள் எதிரிலேயே சொல்வதுதானே இது. சைவக் குரல் என்று ஒன்று இருந்தால் அதை எடுத்துப் போடலாம், கோயில் கூட்டத்துக்கு எத்தனை தடவை பேசியிருக்கிறேன், ஒன்றும் கைக்கு வரவில்லை. போனில் மூச்சு கேட்கிறது. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தால் அதுவே பதிலாகிவிடும். பரமசிவம் எங்க இருக்க என்று கேட்பான். காஞ்சனா எங்கே இருக்கிறாளோ.

"ஆமாங்க டீச்சர். சைவம்தான்."

என் சொந்தக் குரல்தான் வந்தது, கொஞ்சமும் நடுங்கவில்லை.

"முட்டை?"

"முட்டைகூடக் கிடையாதுங்க."

"நல்லதும்மா. மனசுக்கு நிம்மதியா இருக்கு. சமையலெல்லாம் ஆச்சா? இன்னைக்கு என்ன?"

"கத்தரிக்கா சாம்பாருங்க. அப்பளம்."

சாயங்காலம் வந்து வீட்டைப் பாருங்கள் என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இளவரசி என் முகத்தைப் பார்க்கவில்லை. இடது கையால் பக்கத்திலிருந்த மூடியை எடுத்து, போன் வழியாக அங்கே வாடை போய்விடப் போகிறது என்பதுபோல, மேஜையிலிருக்கிற கருவாட்டுத் தட்டை ஒரு சத்தமும் வராமல் மூடுகிறாள்.